பிரேக் பிடிக்காமலே மெதுவான ஜீப்!

இந்த மாத இதழின் அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். எரிமலை பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம ஊரில் எரிமலை ஏது? மலை இருக்கிறது, மலையில் ரோடு இருக்கிறது, அந்த ரோட்டில் நான் விழுந்தும் இருக்கிறேன். அதனால் அதையே எழுதுகிறேன்.

காலாண்டு லீவில் மாமாவோடு பைக்கில் பூப்பாறைக்குப் போயிருந்தேன். பெரியம்மா வீடு அங்கேதான். திரும்பி வரும்போது போடிமெட்டில் ஆறு மணி தாண்டிவிட்டது. ஏலத்தோட்ட வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி ஜீப்புகள் இறங்குகிற நேரம். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப். மாமா அதன் பின்னாலேயே வந்தார். "அங்க பாரு பாப்பா, நம்ம போடி எம்புட்டு அழகா மினுங்குது" என்று கீழே கையைக் காட்டினார். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். திரும்பினால் ஜீப் எங்க மூக்குக்கு நேரா நிக்குது! நிற்கவில்லை, ரொம்ப மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. மாமா பிரேக்கை அழுத்தினார். முன்சக்கரம் ஜீப்பின் பின்படியில் முட்டி, பைக் சாய்ந்துவிட்டது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, மாமாவுக்கு முழங்கையில். நான் இரண்டு வாரம் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த காரணம் இதுதான்.

மாமாவுக்குக் கோபம். "என்னண்ணே, பிரேக் லைட்டு பீஸ் போயிருச்சா? ஒரு பல்பு மாத்தக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். டிரைவர் கொஞ்சம் வயசானவர். முதலில் என்னைத் தூக்கி நிறுத்தி, "பலமா பட்டுருச்சா தாயி?" என்று கேட்டார். அப்புறம் மாமாவிடம், "பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் பிரேக்கே பிடிக்கல. செகண்டு கியர்ல வாரேன்" என்றார். சொன்னதோடு விடாமல் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே இருந்த ஒரு அக்கா மட்டும், "இவரு இப்படிப் பிரேக் புடிக்காம இறக்குறதாலதான்ப்பா நாங்க தினமும் முழுசா வீடு போய்ச் சேர்றோம்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு மனதில் தங்கிவிட்டது. ஏனென்றால் எங்க அம்மாவும் அப்படி ஒரு ஜீப்பில்தான் தினமும் காலையில் மேலே போய்ச் சாயங்காலம் கீழே வருகிறார். இந்த வகுப்பறைகளில் எத்தனை பேருடைய அம்மா அப்படிப் போகிறார்கள் என்று நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "உங்க டிரைவர் பிரேக் பிடிச்சு இறக்குவாரா, கியர்ல இறக்குவாராம்மா?" அம்மா, "அதை யாருடி பாக்குறது? ஏறி உக்காந்ததும் தூங்கிருவோம்" என்றார்.

2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலைக்குப் போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் 8 பேர், குமுளியிலிருந்து இறங்கும் மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்து போனார்கள். அந்த விபத்தை இந்தப் பிரேக் விஷயத்தோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. அன்றிலிருந்து ஜீப் வர கால் மணி நேரம் பிந்தினாலும் எங்க அம்மாச்சி வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறது, அதைச் சொல்ல வந்தேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். ஏன் பிரேக் பிடிக்காமல் இறங்க வேண்டும்?

லோயர் கேம்ப் பக்கம் போனவர்கள் மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மேலேயிருந்து அந்தக் குழாய் வழியாக இறங்கி, கீழே மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். தண்ணீர் இறங்கினால் அந்த ஆற்றல் கரண்டு ஆகிறது. பக்கத்து ரோட்டிலேயே ஒரு பஸ் இறங்குகிறது. அதன் ஆற்றல் எங்கே போகிறது? டர்பைன் எதுவும் இல்லையே! பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவும் பிரேக் டிரம்மில் சூடாகத்தான் போக வேண்டும்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூத்திரம் நமக்குத் தெரிந்ததுதான்: நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். கணக்கு சுலபமாக இருக்க ஜீப்பும் ஆளும் சேர்த்து 2000 கிலோ, இறக்கம் 1000 மீட்டர், முடுக்கம் 10 என்று வைத்தேன். 2 கோடி ஜூல் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2,94,000 ஜூல் வேண்டும். அப்படியென்றால் ஒரு ஜீப் மலை இறங்குகிற ஆற்றலில் 68 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரலாம். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் நாலரைக் குடம். 12 டன் பஸ் என்றால் 400 லிட்டருக்கு மேல், 27 குடம்! காற்றும் டயரும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க அந்த நாலு டிரம்முக்கு. (சார் என் கணக்கைச் சரிபார்த்துவிட்டார். முதலில் ஒரு சைபர் விட்டிருந்தேன்.)

டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்குக்கும் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறைந்துவிடும். மிதிக்க மிதிக்க வண்டி கேட்காது. முந்தல் பக்கம் சில நேரம் நிறுத்தியிருக்கும் வெளியூர் வண்டிகளிடமிருந்து கருகல் வாடை வருமே, அது இதுதான். கார், ஜீப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். டாட் 3 என்கிற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பழைய ஆயிலுக்கு அதே தரம் 140 டிகிரிதான் கேட்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் கால் தரை வரைக்கும் போகும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. இன்னொன்று: சூடான டிரம்மில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடலாம். ஓரமாக நிறுத்தி ஆற விட வேண்டும்.

கியரில் இறங்கினால் என்ன நடக்கிறது? இதற்கு ஒரு சிரிஞ்ச் போதும் (ஊசி வேண்டாம், சிரிஞ்ச் மட்டும்). அதன் மூக்கை விரலால் முக்கால்வாசி மூடிக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். இழுக்க முடியாமல் மல்லுக்கு நிற்கும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிவிடுகிறது. பிஸ்டன் அந்தச் சின்ன இடைவெளி வழியாகத்தான் காற்றை உறிஞ்ச வேண்டும். கியரில் இருப்பதால் பிஸ்டனை இழுப்பது யார்? உருளும் சக்கரம்! வழக்கமாக எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகிறது, வண்டி அடங்கி வருகிறது. கீழ் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் அதிகச் சுற்றுச் சுற்ற வேண்டியிருப்பதால் பிடிப்பும் அதிகம். "ஏறுன கியர்லயே எறக்கு" என்று நம்ம பக்கத்து டிரைவர்கள் சொல்வதற்கு இதுதான் அர்த்தம்.

டீசல் எஞ்சினில் கதை கொஞ்சம் வேறு. காற்று வரும் வழியை மூடி அதன் வேகத்தைக் குறைப்பதில்லை, டீசலைத்தான் குறைப்பார்கள். உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் அமுக்கும், அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். வாங்கியதில் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. உராய்வும் மற்ற இழப்பும் சேர்ந்து ஒரு ஜீப்புக்குப் போதும், பஸ், லாரிக்குப் பத்தாது. அதனால்தான் பெரிய வண்டிகளில் எக்சாஸ்ட் பிரேக் என்று ஒன்று. புகைக்குழாயில் ஒரு மூடி, அதை மூடினால் பிஸ்டன் புகையை வெளியே தள்ளத் திணறும். பஸ் இறக்கத்தில் "புஸ்ஸ்" என்று ஒரு மாதிரி இரைவது பல நேரம் அந்தச் சத்தம்தான்.

இதில் இன்னொருவர் கதை உண்டு. அமெரிக்காவில் டீசல் எஞ்சின் செய்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-ல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கும்போது பிரேக் தீய்ந்து வண்டி ஓட ஆரம்பித்தது. கீழே ரயில் பாதை, ரயிலும் வருகிறது. மயிரிழையில் தப்பினார். அமுக்கிய காற்று திருப்பித் தள்ளுவதற்கு முன்பே அதை வெளியே விட்டுவிட்டால் என்ன என்பதுதான் பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்தது. ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டு அதை அறுத்து விடுவது மாதிரி. 1961-ல் ஜேக்கப்ஸ் என்ற கம்பெனி அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. ஒரு இறக்கத்தின் பயம் முப்பது வருஷம் ஒருவர் தலைக்குள் ஓடியிருக்கிறது!

எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு வரி. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், பிரேக்குக்குக் கிடைக்கும் கூடுதல் பலமும் சிறிது நேரத்தில் போய்விடும். எங்க மாமாவும் இதைச் செய்தவர்தான், இப்போது செய்வதில்லை.

ஆக, அந்த டிரைவர் செய்தது சரி. பிரேக்கைக் குளிர்ச்சியாக வைத்திருந்தார். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர்தான் நிறுத்திக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி நிறுத்தும்போது வேலை செய்ய பிரேக் மிச்சம் இருக்க வேண்டுமே.

அப்படியென்றால் நாங்கள் ஏன் விழுந்தோம்? பிரேக் லைட் எப்படி எரிகிறது என்று பார்த்தால் புரியும். பெடல் கொஞ்சம் அசைந்ததும் ஒரு சுவிட்ச் மூடும், அல்லது பழைய வண்டிகளில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் மூடும். அவ்வளவுதான். வண்டி மெதுவாகிறதா இல்லையா என்று அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது. டிரைவர் கால் வைத்தாரா என்பது மட்டும்தான் தெரியும். நாமோ, சிவப்பு எரியவில்லை என்றால் முன்வண்டி அதே வேகத்தில் போகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். யார் நன்றாக மலை இறங்கத் தெரிந்தவரோ, அவருடைய விளக்குதான் குறைவாக எரியும்! (பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன். ஜீப் ஆட்டோ மாதிரி இருக்கும், மன்னிக்கவும்.)

கணக்கைப் பாருங்கள். இரண்டு வண்டியும் மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர். இடைவெளி 10 மீட்டர். முன்வண்டி கியரில் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைப்போம். மெதுவான மாற்றம்தான், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு உடனே தெரியாது. அவர் அதே வேகத்தில் வந்தால் நாலரை வினாடியில் முட்டிவிடுவார். போடி டவுன் லைட்டைப் பார்த்து "எம்புட்டு அழகு" என்று சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆகும்.

இந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு முக்கியம் என்று 1974-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் சோதித்தார். ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் 343 டாக்சிகளின் பின்கண்ணாடிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு வைத்தார், 160 டாக்சிகளைச் சும்மா விட்டார். விளக்கு வைத்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடிப்பது 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயமானது. ஆனால் எல்லா வண்டியிலும் வந்து, எல்லார் கண்ணுக்கும் பழகிய பிறகு கணக்குப் பார்த்தால் பலன் 4.3 சதவீதம்தான் நின்றது. அதுவும் சின்னது இல்லை என்று சார் சொல்கிறார். எனக்கு என்னவோ, விளக்கைப் பழகிப் பழகி நாம் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

விளக்கு மேல் நம்பிக்கை இல்லாத காலத்தில் கைதான் சிக்னல். 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில், வேகம் குறைக்கப் போகிறவர் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாக அசைக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. (அந்த விதிகளுக்குப் பதில் 2017-ல் புது விதிகள் வந்துவிட்டன.) காலை எங்கே வைத்தாலும் கை உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவில், மசங்கல் நேரத்தில், ஸ்டியரிங்கை விட்டுக் கையை வெளியே நீட்டு என்று யாரிடம் சொல்வது?

இப்போது நம்ம பக்கமும் மின்சார ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. ஆக்சிலேட்டரை விட்டதும் சிலவற்றில் மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடித்து பேட்டரிக்குக் கரண்டு அனுப்பும். லோயர் கேம்ப் வேலையை வண்டிக்குள்ளேயே செய்கிறது! (மலை உச்சியில் பேட்டரி நிறைந்திருந்தால் மட்டும் கரண்டை வைக்க இடமிருக்காது, அப்போது அந்தப் பிடிப்பு குறையும்.) பெடலைத் தொடாமலே நன்றாக மெதுவாவதால் விளக்குப் பிரச்சினை இங்கே இன்னும் பெரிசு. கார்களுக்கான ஐ.நா. வாகன விதி எண் 13-எச் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. இப்படிக் குறையும் வேகம் வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் போனால் (அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் மணிக்கு 4.7 கி.மீ. குறைந்தால்) பிரேக் விளக்கு தானாக எரிந்தே ஆக வேண்டும். 0.7-க்கும் 1.3-க்கும் நடுவில் என்றால் எரியலாம். அதற்குக் கீழே எரியக் கூடாது. ஏன் கூடாது? தொட்டதற்கெல்லாம் எரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். இந்த விளக்கைக் கால் எரிய வைக்கவில்லை, வேகம்தான் எரிய வைக்கிறது. நம்ம டீசல் ஜீப்பில் அப்படி ஒன்று இல்லை.

ஜீப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கியரில் இறங்கிக்கொண்டே, வளைவுக்கு முன்னால் பெடலை லேசாக, ஷூ அழுந்திப் பிடிக்காத அளவுக்கு இரண்டு தட்டுத் தட்டுவது. பிரேக் சூடாகாது, விளக்கு இரண்டு முறை மினுங்கும். மாமா பைக்கைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றவிட்டுச் சோதித்தேன். பெடலை மெல்லத் தொட்டதுமே விளக்கு எரிந்தது, சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. இன்னும் அழுத்தினால்தான் சக்கரம் நின்றது. அந்த இடைவெளி போதும். பின்னால் வருகிறவர் பங்குக்கு, முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று எண்ணி முடித்த பிறகுதான் நாம் அந்தக் கல்லைத் தாண்ட வேண்டும். அப்புறம், முன்னால் வளைவு தெரிந்தாலே முன்வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். மாமா இப்போது அப்படித்தான் வருகிறார். போடி லைட்டை நான் மட்டும் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை அம்மா போகும் ஜீப்பின் டிரைவர் அண்ணனிடம் இந்தத் தட்டுகிற விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பின்னாடி வர்றவன் பாத்து வரமாட்டான், அவனுக்கும் சேத்து நான் காலைத் தூக்கணுமாக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி பாப்பா, காசா பணமா" என்றார். திங்கள்கிழமை அம்மாவை முன்சீட்டில் உட்காரச் சொல்லி, தூங்காமல் எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். 17 வளைவில் 11-ல் தட்டினாராம். மிச்சம் ஆறில் தட்டவில்லையா என்று கேட்டேன். "அதுக்குள்ள தூங்கிட்டேன்டி" என்றார் அம்மா.

சிரிஞ்ச் சோதனையைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வரலாம். இரண்டு சிரிஞ்ச் இருக்கிறது, ஒன்று கொஞ்சம் ஒழுகும்.

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி